போர்க்காலச் சைபர் தாக்குதலுக்கு மின்விநியோகக் கட்டுப்பாட்டு அறையைத் தயார்செய்வது எப்படி

மின்விநியோக நிறுவனத்தில் ஸ்காடாவையோ (துணை மின்நிலையங்களைத் தூரத்திலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு), தகவல் தொடர்பையோ, துணை மின்நிலையப் பராமரிப்பையோ கவனிப்பவர்களுக்கான வழிகாட்டி இது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை உக்ரைனைச் சேர்ந்தவை. மின்கட்டமைப்பின் மீது நடந்த சைபர் தாக்குதல்கள் அந்த நாட்டில் பதிவாகியிருக்கும் அளவுக்கு விவரமாக வேறெங்கும் பதிவாகவில்லை. தாக்கியவர்கள் என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஊழியர்கள் எப்படி மீண்டார்கள் என்பதெல்லாம் பொதுவெளியில் கிடைக்கிறது.

உள்ளே நுழைந்துவிட்டவருக்கு ஒரு பிரேக்கரை (மின்பாதையின் பெரிய சுவிட்ச்) திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சில விநாடிகள் போதும். பிரேக்கரை மீண்டும் மூடி மின்சாரம் தர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதில்தான் எதிரிப் படைக்கு ஆதாயம். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் ஒரே கேள்வியால் அளந்துகொள்ளுங்கள்: இந்தக் கருவி, இந்தச் சர்வர், இந்தத் தொலைபேசி இல்லாமல் போனால் மின்சாரம் திரும்ப எத்தனை மணி நேரம் கூடுதலாகும்?

2015இல் நடந்தது, வரிசையாக

2015 டிசம்பர் 23 பிற்பகல் மூன்றரை மணி அளவில் பிரிகார்பாத்தியா, கீவ், செர்னிவ்ட்சி ஆகிய மூன்று வட்டார மின்விநியோக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்பட்டன. கீவ் வட்டாரத்தில் மட்டும் 110 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் 7, 35 கிலோவோல்ட் நிலையங்கள் 23 துண்டிக்கப்பட்டன. மூன்று நிறுவனங்களிலுமாகச் சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு ஒன்று முதல் ஆறு மணி நேரம் வரை மின்சாரம் இல்லை.

நுழைவு பல மாதங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. அலுவலக மின்னஞ்சலுக்கு வந்த வேர்டு, எக்செல் கோப்புகளில் மேக்ரோவை இயக்கச் சொன்னார்கள். இயக்கியதும் பிளாக்எனர்ஜி என்ற தீநிரல் உள்ளே வந்தது. பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் திரட்டினார்கள். அலுவலக வலையமைப்பிலிருந்து ஸ்காடாவுக்குப் போகும் விபிஎன் என்ற தொலைதூர இணைப்புக்கு இரண்டாம் அடையாளச் சோதனை கிடையாது. முறையான கடவுச்சொல்லோடு வந்தவரைப் பயர்வால் ஊழியர் என்றே நினைத்தது.

பிரேக்கர்களைத் திறந்த கையோடு அவர்கள் செய்த நான்கு வேலைகளைக் கவனியுங்கள். துணை மின்நிலையங்களில் சீரியல் இணைப்பை ஈத்தர்நெட்டாக மாற்றும் சிறு பெட்டிகளின் ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) அழித்து எழுதினார்கள். கில்டிஸ்க் நிரலால் கணினிகளிலிருந்த தரவைத் துடைத்தார்கள். கட்டுப்பாட்டு மையத்தின் யுபிஎஸ்ஸை வலை வழியாகவே குறித்த நேரத்தில் அணையும்படி அமைத்தார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைப் பொய் அழைப்புகளால் நிரப்பினார்கள். நான்குமே மீட்பைக் குறிவைத்தவை. ஊழியர்கள் வண்டியெடுத்துப் போய்க் கையால் பிரேக்கர்களை மூடியதால்தான் ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் வந்தது. ஃபர்ம்வேர் போன பெட்டிகளைத் தூரத்திலிருந்து சரிசெய்ய வழியில்லாததால், அதன்பின் பல மாதங்கள் கைமுறையாகவே ஓட்டினார்கள்.

உள்ளே வரும் வழிகள் அனைத்தையும் ஒரே தாளில் வரையுங்கள்

பயர்வால் விதிகளை அச்செடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, கட்டுப்பாட்டு வலையமைப்பின் முக்கிய சுவிட்சில் போர்ட் மிரர் (போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் வசதி) வைத்து 30 நாள் போக்குவரத்தைப் பதிவுசெய்யுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் வரைபடத்தில் இல்லாத வழிகள் வெளியே வரும். வழக்கமாகச் சிக்குபவை: கருவி விற்றவர் பராமரிப்புக்காக விட்டுப்போன 4ஜி மோடம், இரண்டு நெட்வொர்க் கார்டுகளுடன் அலுவலகத்தையும் ஸ்காடாவையும் இணைக்கும் கணினி, அளவீடுகளைச் சேமிக்கும் ஹிஸ்டோரியன் சர்வர், வீட்டுக்கும் போய்வரும் பொறியியல் லேப்டாப், யுபிஎஸ்ஸின் நெட்வொர்க் கார்டு.

துணை மின்நிலையத்தில் கட்டளைகளை நிறைவேற்றும் ஆர்டியூ பெட்டியுடன் பேசப் பயன்படும் ஐஇசி 104, மோட்பஸ் நெறிமுறைகள், வழக்கமாக நிறுவப்படும் வடிவில், கடவுச்சொல் எதையும் கேட்பதில்லை. அந்தக் கம்பியை எட்டிய எவரும் ஆபரேட்டர்தான். 2024 ஜனவரியில் லிவிவ் நகரின் வெப்ப விநியோக நிறுவனத்தில் இதுதான் நடந்தது. கட்டுப்படுத்திகளுக்கு நேரடியாக மோட்பஸ் கட்டளைகள் போயின. உறைபனிக் குளிரில் 600க்கும் மேற்பட்ட அடுக்குமாடிகளுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வெப்பம் இல்லை. இணையத்தை நோக்கியிருந்த ரவுட்டர் வழியாக நுழைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கருவிக்குப் பூட்டு இல்லாதபோது பாதைக்குத்தான் பூட்டுப் போட முடியும்.

அலுவலக வலையையும் கட்டுப்பாட்டு வலையையும் பிரித்து வைப்பதன் பலன் நம் பக்கத்திலேயே தெரிந்தது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் இருந்த கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதிலிருந்து தனியாக இருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றது. ஆனால் இடையில் ஒரு விபிஎன்னும், இரு பக்கமும் செல்லுபடியாகும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தால் அதைப் பிரிவு என்று சொல்ல முடியாது. கட்டுப்பாட்டு வலைக்குத் தனி ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் அமைப்பு) வையுங்கள். அலுவலக டைரக்டரியோடு நம்பிக்கை உறவு எதுவும் கூடாது. உள்ளே போவது ஒரே ஒரு இடைநிலை சர்வர் வழியாக மட்டும் இருக்கட்டும். அதில் நடப்பது முழுக்கப் பதிவாகட்டும். விற்பனையாளரின் தொலைதூர இணைப்பு எப்போதும் அணைந்தே இருக்க வேண்டும். ஷிப்ட் பொறியாளர் கையால் சுவிட்சைப் போட்டுத் திறந்து, நேரம் எழுதி, வேலை முடிந்ததும் மூட வேண்டும்.

இரண்டாம் அடையாளச் சோதனைக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 12 அன்று உக்ரைனின் மிகப்பெரிய கைப்பேசி நிறுவனமான கீவ்ஸ்டார் தாக்கப்பட்டபோது சுமார் 2.4 கோடி வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தனர். அப்படிப்பட்ட நாளில் உங்கள் பொறியாளருக்கு ஓடிபி வராது. யுஎஸ்பி சாவி நல்லது.

அமைதிக்காலக் கையேடுகளில் இல்லாத ஒரு வேலையும் உண்டு. 2022 மார்ச் மாதம் உக்ர்டெலிகாம் நிறுவனத்துக்குள், எதிரி பிடித்துவைத்திருந்த பகுதியைச் சேர்ந்த ஊழியர் ஒருவரின் கணக்கு வழியாக நுழைந்தார்கள். ஊழியரை மிரட்டினால் கடவுச்சொல்லும் கிடைக்கும், யுஎஸ்பி சாவியும் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு பயனர் கணக்கையும் ஊர்வாரியாகக் குழு பிரித்து வையுங்கள். ஒரு கோட்டம் (நிறுவனத்தின் ஒரு வட்டாரப் பிரிவு) முழுவதன் கணக்குகளையும் ஐந்து நிமிடத்தில் முடக்கும் ஸ்கிரிப்ட் தயாராக இருக்கட்டும். ஒரு ஊழியரோடு தொடர்பு அறுந்தால் அவருடைய மேலாளர் முதலில் கணினிப் பிரிவுக்குத்தான் சொல்ல வேண்டும். யாரையும் சந்தேகிப்பதாகாது; அந்த ஊழியருக்கும் அது பாதுகாப்பு.

சிறு பெட்டிகள்

சர்வருக்குக் கொடுக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. கன்வெர்ட்டர், கேட்வே, ஆர்டியூ, மோடம், யுபிஎஸ் கார்டு எல்லாம் இதில் அடக்கம்.

ஒவ்வொன்றின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஐபி முகவரி, இருக்கும் பேனல் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். ஃபர்ம்வேர் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் எழுத முடியாத வட்டில் பதிந்து, ஹாஷ் எண்ணை (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) தாளில் எழுதி, இரண்டு ஊர்களில் வையுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மறையாக்கம் இல்லாத டெல்நெட் தொலை இணைப்பை நிறுத்துங்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கம் குறிப்பிட்ட ஒரு கணினிக்கு மட்டும் திறக்கும்படி சுவிட்சில் தடை போடுங்கள். வலை வழி ஃபர்ம்வேர் மாற்றத்தைத் தடுக்கும் ஜம்பர் (சிறு இணைப்பு முள்) பெட்டிக்குள் இருந்தால் அதைப் போடுங்கள். அடுத்த முறை மாற்ற ஆள் நேரில் போக வேண்டியிருக்கும் என்ற முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உதிரிக் கணக்கு: பெரிய நிலையம் ஒவ்வொன்றுக்கும் அமைப்பு ஏற்றிய ஒரு பெட்டி, மற்றவற்றுக்குப் பத்துக்கு ஒன்று. அதைத் துணை மின்நிலையத்திலேயே, மின் இணைப்பின்றிப் பூட்டி வையுங்கள். தலைமைக் கிடங்கில் குவித்தால் ஏவுகணை ஒன்றே அத்தனையையும் கொண்டுபோகும். வருடத்துக்கு ஒருமுறை உதிரியை மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பெட்டி நன்றாகவே இருக்கும். உள்ளேயிருக்கும் அமைப்பு மூன்று வருடப் பழையதாக, மாறிப்போன ஐபி முகவரியோடு இருக்கும்.

இதே பாடத்தின் பெரிய வடிவம் 2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படையெடுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் சேவை தாக்கப்பட்டது. தவறாக அமைக்கப்பட்ட விபிஎன் கருவி வழியாக நிர்வாக வலைக்குள் நுழைந்து, வாடிக்கையாளர் மோடம்களின் நினைவகத்தை அழித்து எழுதினார்கள். மாற்றுவதற்காக நிறுவனம் ஏறக்குறைய 30,000 மோடம்களை அனுப்ப வேண்டியிருந்தது. ஜெர்மனியில் 5,800 எனர்கான் காற்றாலைகளின் தொலைதூரக் கண்காணிப்பு போயிற்று. காற்றாலைகள் மட்டும் தம் உள்ளூர்த் தானியங்கிக் கட்டுப்பாட்டில் தொடர்ந்து சுற்றின. இரண்டு வேலைகள் இதிலிருந்து: ஒன்று, மாற்றுத் தொடர்புக்கு வேறு நிறுவனம், வேறு தொழில்நுட்பம்; இரண்டு, தலைமையிடத்தோடு தொடர்பு அறுந்தாலும் நிலையம் தானாக இயங்கும் அமைப்பு.

யுபிஎஸ் கார்டைக் கழற்றிவிடுங்கள். நிலையைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் அலாரம் தொடர்பு ஒன்றை ஆர்டியூவுக்கு இழுத்தால் போதும்.

பேக்அப்

2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் எம்.இ.டாக் கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா என்ற அழிப்பு நிரல் பரவியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் எல்லாம் அழிந்த நிலையில், கானாவில் மின்வெட்டால் தற்செயலாக அணைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. அந்தத் தற்செயலை நீங்கள் திட்டமிட்டுச் செய்யலாம்: டொமைன் கன்ட்ரோலர், ஸ்காடா தரவுத்தளம், பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கும் ரிலேக்களின் அமைப்புகள் ஆகியவற்றின் ஒரு நகல் எந்தக் கம்பியோடும் சேராமல் இருக்கட்டும். வாரம் ஒருமுறை இணைத்து, எழுதி, கழற்றுங்கள். இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எழுதும் நேரத்தில் தாக்குதல் வந்தால் ஒன்றாவது மிஞ்சும்.

கீவ்ஸ்டாரில் ஆயிரக்கணக்கான மெய்நிகர் சர்வர்கள் துடைக்கப்பட்டன. மெய்நிகராக்கத் தளத்தின் நிர்வாகக் கணக்கையும் பேக்அப் சர்வரின் கணக்கையும் ஆக்டிவ் டைரக்டரியில் சேர்க்காதீர்கள்.

வெறும் கணினியில் ஸ்காடாவை மீட்டுப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். முதல் முறை இது நின்றுபோகும் இடம் பெரும்பாலும் உரிமச் சாவி: மென்பொருள் பழைய கணினியின் வன்பொருள் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும், அல்லது டாங்கிள் (உரிமத்துக்கான யுஎஸ்பி சாவி) யார் மேசையில் இருக்கிறது என்று தெரியாது.

கையால் மூடுவது

எந்த மென்பொருளையும்விட இதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

கணக்கிலிருந்து தொடங்குங்கள். 30 துணை மின்நிலையங்கள், 6 குழுக்கள் என்றால் குழுவுக்கு 5 நிலையங்கள். ஒன்றுக்குப் பயணம் 40 நிமிடம், வேலை 15 நிமிடம் என்று வைத்தால் 5 × 55 = 275 நிமிடம், அதாவது நாலரை மணி நேரத்துக்கும் மேல். இரண்டு மணி நேரத்தில் முடிக்கக் குழுவுக்கு 2 நிலையங்கள்தான் தாங்கும். 15 குழுக்கள் வேண்டும். அத்தனை ஆள் இல்லையென்றால் மருத்துவமனை, குடிநீர் நிலையம், தொலைபேசி இணைப்பகம் இருக்கும் நிலையங்களுக்கு நிரந்தர ஆள் போடுங்கள். குழுவுக்குக் குறைந்தது இருவர். வண்டியில் நிலையச் சாவி, காகிதத்தில் அச்சிட்ட ஒற்றைக்கோட்டு வரைபடம், பிரேக்கரை மூடும் ஸ்பிரிங்கை முறுக்கி ஏற்றும் கைப்பிடி, மல்டிமீட்டர், வாக்கிடாக்கி, நிரம்பிய டீசல் டாங்க்.

நிலையத்தில் செய்யும் வரிசை மாறக்கூடாது.

1. முதலில் லோக்கல்/ரிமோட் சுவிட்சை லோக்கலுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நீங்கள் மூடியதை எதிரி மறுபடி திறப்பார். அதைவிட மோசம், ஆள் வேலை செய்யும் லைனுக்கு மின்சாரம் கொடுத்துவிடுவார்.
2. டிசி பேட்டரி மின்னழுத்தம் பாருங்கள். 110 வோல்ட் பேட்டரித் தொகுதி வெகுவாக இறங்கியிருந்தால் பிரேக்கரைத் திறக்கும் டிரிப் காயில் வேலை செய்யாமல் போகலாம். மூடிய பிரேக்கர் பழுதின்போது திறக்காது.
3. ரிலே உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பு விளக்கு, திரை, பட்டனுக்குப் பதில், வாட்ச்டாக் (சுய கண்காணிப்பு) தொடர்பு. பதில் இல்லையென்றால் ரிலேயின் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். உயிர் வராத ரிலேயின் பிரேக்கரை மூட வேண்டாம்.
4. லைன் கிளியர் (லைனில் வேலை செய்ய அனுமதி) நிலுவையில் இருக்கிறதா, எர்த் போட்டிருக்கிறதா என்று பதிவேட்டிலும் நேரிலும் சரிபாருங்கள்.
5. ஸ்பிரிங் ஏறியிருப்பதைப் பார்த்து, இன்கமரை (உள்வரும் மின்பாதை) மூடி, பிறகு ஃபீடர்களை (வெளியே செல்லும் மின்பாதைகள்) ஒவ்வொன்றாக மூடுங்கள்.

மூன்றாவது படி எதற்கு என்பதை 2016 டிசம்பர் 17 நள்ளிரவுக்குச் சற்று முன் நடந்தது சொல்கிறது. கீவுக்கு அருகே 330 கிலோவோல்ட் பிவ்னிச்னா நிலையத்தை இன்டஸ்ட்ராயர் என்ற நிரல் துண்டித்தது. மனிதக் கை மவுஸை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அந்த நிரலுக்கே ஐஇசி 101, 104, 61850 நெறிமுறைகள் தெரிந்திருந்தன. நகரின் ஒரு பகுதி சுமார் ஒரு மணி நேரம் இருளில் இருந்தது. ஆனால் அந்த நிரலில் இன்னொரு பகுதியும் இருந்தது: குறிப்பிட்ட வகை சீமென்ஸ் பாதுகாப்பு ரிலேக்களைச் செயலிழக்கச் செய்வது. ஊழியர்கள் அவசரமாகக் கையால் மூடும்போது காக்க ரிலே இல்லாமல் கருவிகள் சேதமடைய வேண்டும் என்பதே நோக்கம் என்று பிந்தைய ஆய்வு சொல்கிறது. ஐபி முகவரியை எழுதுவதில் நிரலில் இருந்த பிழையால் அது பலிக்கவில்லை. அடுத்தவர் பிழை விடுவார் என்று நம்பித் திட்டமிட முடியாது.

ஃபீடர்களை ஒரேயடியாக மூடினால் நீங்களே இரண்டாவது மின்தடையை உண்டாக்குவீர்கள். சில மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த பகுதியில் ஹீட்டர், ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். சுமை வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போகலாம். மூன்றில் ஒரு பங்கு ஃபீடர்களை மூடி, பதினைந்து நிமிடம் பொறுத்து, ஆம்பியரைப் பார்த்து, அடுத்த பங்கு.

சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள்

2022 அக்டோபர் 10 அன்று உக்ரைன் நகரங்கள் மீது ஏவுகணை மழை பெய்த அதே நாளில் ஒரு மின்நிறுவனத்தில் பிரேக்கர்கள் திறக்கப்பட்டன. தாக்கியவர்கள் ஜூன் மாதத்திலிருந்தே உள்ளே இருந்தார்கள். ஸ்காடா ஓடிய மெய்நிகர் கணினியில் ஒரு ஐஎஸ்ஓ வட்டு பிம்பத்தை மாட்டி, அந்த ஸ்காடாவோடு வரும் முறையான கட்டளை நிரலையே பயன்படுத்தினார்கள். ஆன்டிவைரஸ் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து அலுவலகக் கணினிகளைத் துடைத்தார்கள்.

இதைப் பிடிக்க மலிவான வழி, ஆபரேட்டர் கையால் எழுதும் பதிவேட்டையும் ஸ்காடாவின் கட்டளைப் பதிவையும் தினமும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பதிவேட்டில் இல்லாத கட்டளை ஒன்றிருந்தாலும் அதற்குப் பெயர் சொல்லி ஆள் பதில் தர வேண்டும். பதற்றக் காலத்தில் இன்னும் மூன்றைத் தினமும் பாருங்கள்: கணினியில் குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி புதிதாகச் சேர்ந்த திட்டமிட்ட பணிகள், குழுக் கொள்கை (ஆக்டிவ் டைரக்டரி வழியாகக் கணினிகளுக்குப் போகும் அமைப்பு) மாற்றங்கள், மெய்நிகர் கணினிகளில் மாட்டியிருக்கும் ஐஎஸ்ஓ கோப்புகள். 2022 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை மாலையில் இயங்கும்படி குறித்துவைக்கப்பட்ட இன்டஸ்ட்ராயர்2 தாக்குதலை உக்ரைனின் கணினி அவசரக் குழுவும் எசெட் கணினிப் பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து முறியடித்தன. வார இறுதிக்கு முந்தைய மாலை எதிரிக்கு எப்போதும் பிடித்த நேரம்.

மின்தடை வந்ததும் குண்டா, பழுதா, ஊடுருவலா என்று பிரிக்க ரிலே கொடியை (பழுதால் ரிலே இயங்கியதைக் காட்டும் குறி) பாருங்கள். கொடி விழவில்லை, ஆபரேட்டரும் கட்டளை தரவில்லை, ஆனாலும் பிரேக்கர் திறந்திருக்கிறது என்றால் ஊடுருவல் என்றே வைத்து நடங்கள். முகவரி வரிசைப்படி, சில விநாடி இடைவெளியில் திறந்திருந்தால் ஐயமே வேண்டாம். இதற்கு எல்லா நிலையங்களிலும் கடிகாரம் ஒன்றாக ஓட வேண்டும். ஜிபிஎஸ் குறுக்கீடு போரில் சாதாரணம்; ஆகவே உள்ளூர்க் கடிகாரமும் தேவை.

முதல் மணி நேரம்

எல்லா விபிஎன்களையும் அலுவலக இணைப்பையும் துண்டியுங்கள்; மென்பொருளில் அல்ல, கம்பியைப் பிடுங்கி. குழுக்களை அனுப்புங்கள். வாக்கிடாக்கியில் வரும் கட்டளைக்கு அன்றைய குறிச்சொல் இல்லாவிட்டால் யாரும் பிரேக்கரைத் தொடக்கூடாது. சேவை எண் நிரம்பி வழிந்தால் பதிவுசெய்த அறிவிப்புக்கு மாற்றிவிட்டு, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு முன்பே தந்திருக்கும் தனி எண்ணில் பேசுங்கள்.

பாதிக்கப்பட்ட கணினியை மறுதொடக்கம் செய்யாதீர்கள். துடைப்பு நிரல்கள் பல அதற்குத்தான் காத்திருக்கும். நெட்வொர்க் கம்பியை எடுத்துவிட்டு நினைவகத்தை நகலெடுங்கள். கண்முன்னே கோப்புகள் அழிந்துகொண்டிருந்தால் மட்டும் மின்கம்பியைப் பிடுங்குங்கள். இந்தியாவில் இருந்தால் செர்ட்-இன் (இந்தியக் கணினி அவசரக் குழு) 2022 ஏப்ரலில் விடுத்த உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். தெரிவிக்க வேண்டிய படிவத்தை அச்சிட்டு வையுங்கள், அன்றைக்கு மின்னஞ்சல் இருக்காது.

ஒத்திகை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோட்டத்தின் ஸ்காடாவை நான்கு மணி நேரம் அணைத்துவிட்டு அந்தக் கோட்டத்தைக் கையால் ஓட்டுங்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் ஒத்திகையில் எல்லாமே வெற்றிகரமாக முடியும். நேரில்தான் பூட்டுக்குச் சாவி பொருந்தாது, வாக்கிடாக்கி பேட்டரி இருபது நிமிடத்தில் தீரும், வரைபடத்தில் இருக்கும் ஃபீடர் பெயரும் பேனலில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கும், ஸ்பிரிங்கைக் கையால் ஏற்றத் தெரிந்த ஒரே ஆள் போன மாதம் ஓய்வுபெற்றிருப்பார். முதல் ஒத்திகை பகலில் இருக்கட்டும். இரண்டாவதை இரவில், எல்லோருடைய கைப்பேசியையும் அணைக்கச் சொல்லிவிட்டு நடத்துங்கள்.